மூன்று வருடத்துக்கு மட்டும் பென்ஷனை நிறுத்தலாமா?

கேள்வி: லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 34, கணவருக்கு 38. இரண்டு பிள்ளைகள். நான் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆண்டுச் சம்பளம் 26,000 பவுண்ட். கணவர் ஆறு வருடமாக என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் வேலை செய்கிறார்; அவருக்கு 30,000 பவுண்ட். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையும் கொஞ்சம் வருகிறது. என்னைப் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டதாக மூன்று வாரம் முன்பு கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் வீடு வாங்க டெபாசிட் சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் மூன்று வருடத்துக்கு மட்டும் பென்ஷனை நிறுத்தினால் மாதம் 232 பவுண்ட் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டோம். மேனேஜரும் "விலகிவிடுங்கள், அதுதான் நல்லது" என்கிறார். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர், "திரும்பி ஊருக்குப் போய்விட்டால் அந்தக் காசு போனதுதான்" என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு மாதக் கெடு முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது என்ற பதற்றம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. முதலில் அதை இறக்கி வையுங்கள். கெடுவுக்குள் விலகினால் இதுவரை பிடித்த ஒரு மாதக் காசு கைக்குத் திரும்பும், அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் அது சுமார் 66 பவுண்ட். கெடு முடிந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் கட்டுவதை நிறுத்தலாம். அதுவரை கட்டியது மட்டும் உங்கள் பெயரிலேயே பென்ஷன் கணக்கில் இருக்கும். ஆகவே இந்த வாரமே முடிவெடுத்தாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

இனி நீங்கள் போட்ட கணக்குக்கு வருகிறேன். மாதம் 232 பவுண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள்; மூன்று வருடத்துக்கு அது சுமார் 8,350 பவுண்ட். அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பங்கள் பலரும் கவனிக்காமல் விடுகிற இடம் இது.

யூனிவர்சல் கிரெடிட்டை உங்கள் கையில் வரும் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். வரியும் தேசியக் காப்பீடும் போன பிறகு, பென்ஷனுக்குக் கட்டியதையும் கழித்துவிட்டுத்தான் வருமானம் இவ்வளவு என்று எடுக்கிறார்கள். குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் குறையும். நீங்கள் பென்ஷனை நிறுத்தினால் உங்கள் வருமானம் கூடியதாகக் கணக்காகும். யூனிவர்சல் கிரெடிட் அதற்கேற்ப இறங்கும். மாதம் 232 பவுண்ட் கூடுதலாக வந்தால் அதில் சுமார் 128 பவுண்ட் உதவித்தொகையில் குறைந்துபோகும். மிஞ்சுவது 104 பவுண்ட். மூன்று வருடத்துக்குப் பார்த்தால் 3,750 பவுண்ட் சொச்சம். நீங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

அந்த 3,750 பவுண்டுக்காக எதை விடுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உங்களுக்கும் கணவருக்கும் இது ஒரே மாதிரி இல்லை. இரண்டு பேருடையதும் முற்றிலும் வேறு வேறு வகைப் பென்ஷன். அதனால் தனித்தனியாகச் சொல்கிறேன்.

உங்களுடையது 2012இல் தொடங்கிய தானாகச் சேர்க்கும் சட்டத்தின்படி வந்தது. 22 வயதிலிருந்து அரசு ஓய்வூதிய வயது வரை, ஒரே வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் ஊழியரை முதலாளி தானே திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்துக் கடிதம் தர மூன்று மாதம் வரை தள்ளிப்போடலாம். உங்களுக்கு இப்போது கடிதம் வந்தது அதனால்தான். சம்பளத்தில் 6,240 பவுண்டிலிருந்து 50,270 பவுண்ட் வரை உள்ள பகுதியில் குறைந்தது 8 சதவீதம் பென்ஷனுக்குப் போக வேண்டும். அதில் 3 சதவீதம் முதலாளியுடையது. மீதி 5 சதவீதம் உங்கள் பங்கு, ஆனால் அதிலும் ஒரு பகுதியை வரிச் சலுகையாக அரசு தருகிறது.

உங்கள் 26,000 பவுண்டில் இந்தக் கணக்குக்கு வருவது 19,760 பவுண்ட். உங்கள் இல்லம் சட்டம் சொல்கிற குறைந்தபட்சத்தைத்தான் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாதம் உங்கள் கையிலிருந்து போவது சுமார் 66 பவுண்ட். அரசு வரிச் சலுகையாகப் போடுவது 16 பவுண்டுக்குச் சற்று மேல். முதலாளி போடுவது 49 பவுண்டுக்குச் சற்று மேல். கணக்கில் சேருவது 132 பவுண்ட். சந்தை ஒரு பென்ஸ்கூட வளராமல் போனாலும் நீங்கள் கட்டியதைப் போல இரண்டு மடங்கு அங்கே இருக்கும்.

இதோடு யூனிவர்சல் கிரெடிட்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 66 பவுண்டைப் பிடிக்காமல் விட்டால் அதில் 36 பவுண்டை உதவித்தொகைக் குறைவில் இழப்பீர்கள். அப்படியானால் உங்கள் குடும்பத்துக்கு இந்தப் பென்ஷனால் உண்மையில் ஆகும் செலவு மாதம் 30 பவுண்ட்தான். 30 பவுண்ட் கொடுத்து 132 பவுண்ட் சேர்க்கிறீர்கள். இந்த நாட்டில் சாதாரணச் சம்பளக்காரருக்கு இதைவிட நல்ல சேமிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

"என் காசைப் பிடிக்கிறார்கள்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பேஸ்லிப்பில் கழித்திருப்பது மட்டும்தானே கண்ணில் படுகிறது. முதலாளியின் பங்கும் உங்கள் உழைப்புக்கான கூலிதான். நீங்கள் விலகினால் அந்த 3 சதவீதத்தை அவர் சம்பளத்தோடு சேர்த்துத் தரப்போவதில்லை, தனக்கே வைத்துக்கொள்வார். ஆண்டுக்கு 593 பவுண்ட் சம்பளக் குறைப்புக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல ஆகிவிடும்.

உங்கள் மேனேஜர் சொன்னதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊழியரைத் திட்டத்திலிருந்து விலக முதலாளி தூண்டுவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. விலகினால் கூடுதல் ஷிப்ட் தருகிறேன், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்பதெல்லாம் கூடவே கூடாது. அதனால்தான் விலகும் படிவத்தைப் பெரும்பாலும் முதலாளி தர முடியாது. பென்ஷன் நிறுவனத்திடம்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். மேனேஜர் உங்கள் நல்லதை நினைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் விலகினால் மிச்சமாவது நிறுவனத்தின் காசு என்பதை மனதில் வையுங்கள். இனியும் வற்புறுத்தினால் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்து வையுங்கள். பென்ஷன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் செய்ய வழி இருக்கிறது.

சரி, கணவர் விஷயத்துக்கு வருவோம். என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது அதுதான்.

அவருடைய என்.எச்.எஸ். பென்ஷனில் சந்தையில் ஏறி இறங்கும் பணக்குவியல் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருடம் வேலை செய்யும்போதும் அந்த வருடச் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு, ஓய்வுக்குப் பிறகு வருடாவருடம் தருகிற பென்ஷனாக அவர் பெயரில் எழுதப்படுகிறது. 30,000 பவுண்டுக்கு அது 555 பவுண்ட். இந்த ஒரு வருட வேலைக்காக, ஓய்வு பெற்ற பின் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் 555 பவுண்ட். அதுவும் இன்றைய 555 பவுண்டாகவே நின்றுவிடாது. அவர் திட்டத்தில் இருக்கும் வரை ஒவ்வொரு வருடமும் விலைவாசி உயர்வோடு இன்னும் 1.5 சதவீதம் சேர்த்து உயர்த்துகிறார்கள். ஓய்வுக்குப் பிறகும் விலைவாசிக்கு ஏற்ப உயரும்.

இதற்கு அவர் கட்டுவது சம்பளத்தில் 8.3 சதவீதம், ஆண்டுக்கு 2,490 பவுண்ட். வரிச் சலுகை போகக் கையிலிருந்து குறைவது 1,992 பவுண்ட், மாதம் 166. யூனிவர்சல் கிரெடிட்டையும் கணக்கில் எடுத்தால் குடும்பத்துக்கு உண்மையான செலவு மாதம் 75 பவுண்ட் அளவு, வருடத்துக்கு 900 பவுண்ட். ஒரு வருடம் 900 பவுண்ட் கொடுத்து, பிற்காலத்தில் ஆண்டுக்கு 555 பவுண்ட் வாங்குகிறார். ஓய்வு பெற்ற இரண்டாவது வருடத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும். அதற்கப்புறம் இன்னும் எத்தனை வருடம் இருந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். இதே மாதிரி ஒரு வருமானத்தை வெளியே காப்பீட்டு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கப் போனால் இந்தக் காசுக்குக் கிட்டேகூட நெருங்க முடியாது. காரணம் எளிது: முதலாளி தரப்பிலிருந்து சம்பளத்தில் 23.7 சதவீதம் இதற்குள் போகிறது.

மூன்று வருடம் விலகியிருந்தால் ஆயுள் முழுக்க வரவேண்டிய பென்ஷனில் ஆண்டுக்கு சுமார் 1,670 பவுண்ட் குறையும். 68 வயதில் ஓய்வு பெற்று 85 வரை இருந்தால் இன்றைய மதிப்பிலேயே 28,000 பவுண்டுக்கு மேல். இப்போது அவர் பங்கில் மிச்சமாவது மூன்று வருடத்துக்கு 2,700 பவுண்ட். ஏற்கெனவே சேர்த்த ஆறு வருடப் பென்ஷன் எங்கும் போகாது. ஆனால் அவர் வெளியே இருக்கும் காலத்தில் அது விலைவாசி அளவுக்கு மட்டுமே உயரும். அந்தக் கூடுதல் 1.5 சதவீதம் கிடைக்காது.

இன்னொன்று இருக்கிறது, சொல்வதற்குக் கஷ்டமான விஷயம். ஆனால் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் பேசாமல் விடக்கூடாது. என்.எச்.எஸ். திட்டத்தில் இருக்கும்போது உறுப்பினர் இறக்க நேர்ந்தால், குடும்பத்துக்கு இரண்டு வருடச் சம்பளம் மொத்தமாகத் தருவார்கள். உங்கள் கணவர் விஷயத்தில் அது 60,000 பவுண்ட். அதோடு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகப் பென்ஷன் உண்டு. உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் முன்கூட்டியே பென்ஷன் பெறும் வழியும் உண்டு. விலகிய அடுத்த நாளிலிருந்து இந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதி இல்லை. அந்த 60,000 பவுண்ட் சில ஆயிரங்களாகச் சுருங்கிவிடும். உங்கள் வீட்டில் வேறு ஆயுள் காப்பீடு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. வீடு வாங்குவதற்காக இதை விடுவது சரியான பேரம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கணவர் விலகவே வேண்டாம்.

உங்கள் விஷயத்திலும் இருந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் கணவருக்குச் சொன்ன அதே அழுத்தத்தோடு சொல்ல மாட்டேன். மூன்று வருடம் நிறுத்தினால் உங்கள் கணக்கில் 4,742 பவுண்ட் சேராமல் போகும். கைக்கு வருவது 1,070 பவுண்டைத் தாண்டாது. விலைவாசியை விட ஆண்டுக்கு 3 சதவீதம் கூடுதலாக வளர்கிறது என்று வைத்தால், அந்த 4,742 பவுண்ட் 30 வருடத்தில் இன்றைய மதிப்பில் 11,500 பவுண்ட் ஆகும். அந்த 3 சதவீதம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது. யாரும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. சந்தை விழவும் செய்யும். 2022இல் பாதுகாப்பானவை என்று எல்லோரும் நம்பிய அரசுப் பத்திரங்களே பலமாக விழுந்தன. ஓய்வை நெருங்கியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. உங்களுக்கு வயது 34. இந்தப் பணத்தைத் தொட இன்னும் 23 வருடம் இருக்கிறது. இடையில் வரும் சரிவில் உங்கள் மாதத் தவணை மலிவாகப் பங்குகளை வாங்கிப் போடும், அதனால் பயந்து விலக வேண்டியதில்லை.

நிறுவனம் மூடிப்போனால் என்ன ஆகும் என்று பலரும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பணம் உங்கள் முதலாளியின் வங்கிக் கணக்கில் இல்லை. தனி அறக்கட்டளையிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ இருக்கிறது. முதலாளி போட்ட பங்கும் முதல் மாதத்திலிருந்தே உங்களுடையது. வேலை மாறினாலும் கூடவே வரும். நீங்களாக எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் போய்ச் சேரும் பொது நிதியில் ஆண்டுக் கட்டணம் 0.75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2015இலிருந்து விதி உண்டு. வட்டி வருமானம் கூடாது என்ற மார்க்கக் காரணத்துக்காக விலக நினைக்கும் முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: நெஸ்ட் (அரசு தொடங்கிய வேலையிடப் பென்ஷன் திட்டம்) உட்படப் பல திட்டங்களில் ஷரியா முறைப்படியான நிதி தனியாக இருக்கிறது. அதற்கு மாற்றச் சொன்னால் போதும், திட்டத்தையே விட வேண்டாம்.

இனி உங்கள் அக்கா சொன்னது. திரும்பிப் போனால் காசு போய்விடும் என்பது தவறு. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும். உரிய வயது வந்ததும் அங்கிருந்தே எடுக்கலாம். இப்போது அந்த வயது 55. 2028 ஏப்ரல் 6 முதல் 57 ஆகிறது; உங்களுக்கு 57 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பொதுவாக நான்கில் ஒரு பங்கை வரியில்லாமல் எடுக்கலாம். மீதிக்கு எந்த நாட்டில் வரி என்பது நீங்கள் வசிக்கும் நாட்டோடு பிரிட்டன் செய்துள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

அக்காவின் பயத்தில் ஒரு உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது அரசு ஓய்வூதியத்தைப் பற்றியது. தேசியக் காப்பீடு கட்டிய வருடங்களுக்காக அரசு தரும் ஓய்வூதியம் இது. குறைந்தது 10 வருடம் இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும், முழுசாகக் கிடைக்க 35 வருடம் வேண்டும். 2025-26இல் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்ட். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது 68இல்தான். இந்தியாவிலோ இலங்கையிலோ போய் இருந்தால் அதை வருடாவருடம் உயர்த்த மாட்டார்கள்; வாங்கத் தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும். ஆகத் திரும்பிப் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு வேலையிடப் பென்ஷன் கூடுதலாகவே தேவைப்படும். வேலையிடப் பென்ஷனிலிருந்து விலகினால் அரசு ஓய்வூதியம் குறையாது. விலகாமல் இருந்தாலும் குறையாது. இரண்டும் தனித்தனி.

இங்கே ஒரு எச்சரிக்கை. "57 வரை ஏன் காத்திருக்க வேண்டும், இப்போதே எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், நம் மொழியிலேயே அன்பாகப் பேசினாலும் சரி, கோயிலில் பழகியவராக இருந்தாலும் சரி, விலகி நில்லுங்கள். கடும் நோய் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உரிய வயதுக்கு முன் எடுத்தால் வரித்துறை 55 சதவீதம் வரை அபராத வரி போடும். தரகர் தன் பங்கை முன்னரே எடுத்திருப்பார். பென்ஷன் பற்றித் தாங்களாகவே தொலைபேசியில் அழைத்து விற்பதற்கு 2019 ஜனவரியிலிருந்து தடை. அப்படி அழைப்பு வந்தாலே அது ஏமாற்று என்று முடிவு செய்து தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

அப்படியானால் யாருமே விலகக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். வாடகை பாக்கியாகி வீட்டை இழக்கும் நிலை, கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக நோட்டீஸ், மின்சாரம் துண்டிக்கும் நிலை, பிள்ளைகளுக்குச் சாப்பாடே இழுபறி என்றால், 57 வயதுப் பணத்தைவிட இந்த மாதப் பணம் பெரியது. அப்போது நிறுத்துவதில் தவறே இல்லை, வெட்கமும் வேண்டாம். ஆனால் எப்போது மறுபடி தொடங்குவது என்று ஒரு தேதியையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். கூடவே கடன் சிக்கலுக்கு இலவசமாக ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகளையும் நாடுங்கள். 66 பவுண்ட் தனியாக அந்தப் பள்ளத்தை மூடாது.

கிரெடிட் கார்டு கடனுக்காக விலகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவ்வளவு எளிதாக வராது. உங்களைப் போல சம்பாதிப்பவர், ஆனால் யூனிவர்சல் கிரெடிட் இல்லாதவர், ஒரு வருடம் நிறுத்தினால் 790 பவுண்ட் கையில் நிற்கும். அதை மாதாமாதம் 25 சதவீத வட்டிக் கடனில் கட்டினால் முதல் வருடம் மிச்சமாகும் வட்டி சுமார் 100 பவுண்ட், அடுத்த வருடம் 200 பவுண்ட் அளவு. அதே ஒரு வருடத்தில் முதலாளி பங்கும் வரிச் சலுகையுமாக இழந்தது 790 பவுண்ட். நாலைந்து வருடம் அந்தக் கடன் இழுத்துக்கொண்டே போகும் நிலை இருந்தால்தான் விலகியது லாபமாகும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் செய்ய வேண்டியது வட்டியைக் குறைக்கும் ஏற்பாடு. பென்ஷனை நிறுத்துவது பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான்.

உங்களுக்கு அப்படி அவசரம் எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. வீட்டு டெபாசிட் நல்ல ஆசை, அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. வாடகையிலேயே காலம் போவது எத்தனை குடும்பங்களை அரிக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஆனால் அதற்கான காசு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அதற்கு இருக்கும் வழிகளில் ஒன்று லைஃப்டைம் ஐஸா என்ற சேமிப்புக் கணக்கு. 18 முதல் 39 வயது வரை உள்ளவர்கள் திறக்கலாம், ஆண்டுக்கு 4,000 பவுண்ட் வரை போடலாம். போடுவதற்கு மேல் அரசு 25 சதவீதம் சேர்க்கும். முதல் வீடு வாங்க எடுக்கலாம். வீட்டு விலை 450,000 பவுண்டைத் தாண்டக்கூடாது, மோர்ட்கேஜ் போட்டு வாங்க வேண்டும், கணக்குத் திறந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 38 ஆகிவிட்டது. பெரிய தொகை இல்லாவிட்டாலும் ஒரு சின்னத் தொகையோடு 40க்கு முன் திறந்து வைப்பது நல்லது. முதல் வீடு என்றால் உலகத்தில் எங்கேயுமே வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது என்று அர்த்தம். ஊரில் அப்பா வீட்டில் உங்களில் ஒருவர் பெயர் பங்காக இருந்தால்கூட அவருக்கு இது செல்லாது. திறப்பதற்கு முன் அதை நன்றாக விசாரியுங்கள். வீடு வாங்காமல் நடுவில் எடுத்தால் எடுக்கும் தொகையில் 25 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அரசு தந்ததும் போய் உங்கள் முதலிலும் கொஞ்சம் குறையும்.

யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர்கள் டெபாசிட் சேர்க்கும்போது மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. இருவருடைய சேமிப்பும் சேர்ந்து 6,000 பவுண்டைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் உதவித்தொகையில் குறைப்பார்கள். 10,000 பவுண்ட் சேர்ந்தால் மாதம் சுமார் 70 பவுண்ட் குறையும். 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் அடியோடு நின்றுவிடும். லைஃப்டைம் ஐஸாவும் இந்தச் சேமிப்புக் கணக்கில் வரும். பென்ஷனில் இருக்கும் பணம் வராது. ஆக, பென்ஷனை நிறுத்தி அந்தக் காசை டெபாசிட்டில் போட்டால் இரண்டு பக்கமும் அடி: வருமானம் கூடியதால் ஒரு குறைப்பு, சேமிப்பு கூடியதால் இன்னொரு குறைப்பு. சேமிப்பை மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இதனால் டெபாசிட் சேர்ப்பதையே விடச் சொல்லவில்லை. இப்போது கட்டும் வாடகையும், வரும் உதவித்தொகையும், நீங்கள் நினைக்கும் வீட்டின் விலையும் என்ன என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதி, எந்த வருடத்தில் 16,000 பவுண்டைத் தாண்டுவீர்கள், அப்போது உதவித்தொகை இல்லாமல் மாதம் ஓடுமா என்று பாருங்கள். பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களாகி உங்கள் வேலை நேரம் கூடும் காலத்தோடு அது பொருந்தினால் திட்டம் நிற்கும். மனிஹெல்ப்பர் என்ற அரசு ஆதரவுச் சேவையில் இதை இலவசமாகக் கேட்கலாம்.

உங்களைப் போலப் பராமரிப்பு வேலை செய்யும் பலர் இரண்டு இடங்களில் பகுதி நேரமாக இருக்கிறார்கள், அவர்களுக்காக ஒரு விஷயம். 10,000 பவுண்ட் வரம்பை ஒவ்வொரு வேலைக்கும் தனியாகத்தான் பார்ப்பார்கள். இரண்டிலும் 9,000, 9,000 என்று இருந்தால் யாரும் தானாகச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு வேலையில் 6,240 பவுண்டுக்கு மேல் வருகிறது என்றால், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் எழுதிக் கேட்கலாம். கேட்டால் முதலாளி சேர்த்தே ஆக வேண்டும், தன் பங்கையும் கட்ட வேண்டும். இது தெரியாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நான் இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் மட்டும் விலகுவது என்று முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை. விலகினாலும் சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முதலாளி உங்களை மறுபடி சேர்ப்பார். அதற்கு முன்பே சேர விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம், 12 மாதத்தில் ஒருமுறையாவது அவர் ஏற்றாக வேண்டும். போன வருடங்களின் முதலாளி பங்கை மட்டும் திரும்பக் கேட்க முடியாது.

இருந்துவிடுவது என்று முடிவெடுத்தால், இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடிதத்தில் இருக்கும் பென்ஷன் நிறுவனத்தின் இணையக் கணக்கைத் திறந்து, உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விருப்பப் படிவத்தை நிரப்புங்கள். இந்தப் பணம் பொதுவாக உயிலின்படி போகாது. இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கணவரையும் என்.எச்.எஸ். பென்ஷனில் அவர் யார் பெயரை எழுதியிருக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறு வருடம் முன்பு, கல்யாணத்துக்கோ பிள்ளைகள் பிறப்பதற்கோ முன்னால் நிரப்பியது என்றால் அதில் வேறு பெயர் இருக்க வாய்ப்புண்டு.